ஸ்ப்ரே அடித்தால் கசிவு நிற்காது
"ஏர் பிஸ்டலில் வாயு கசிந்தால் துருநீக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்தால் போதும்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். அதிலுள்ள பெட்ரோலியக் கரைப்பான், கசிவைத் தடுக்கும் வளையங்களில் உள்ள சில வகை ரப்பரைக் கெடுத்துவிடும். அழுத்தக் காற்று பிஸ்டல் என்றால் எண்ணெய் தீப்பற்றும் ஆபத்தே உண்டு. வளையத்தில் சிலிகோன் கிரீஸ் லேசாகத் தடவினால் சரி.

கார்பன் டை ஆக்சைடு பிஸ்டலில் வேறு சிக்கல். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரால் ஆன ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வட்ட வளையம்) அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். கழற்றியதும் உப்பிப்போய், தான் இருந்த பள்ளத்தில் திரும்ப உட்காராது. வாயு வெளியேறியதும் பெரும்பாலும் சுருங்கிவிடும். கொப்புளமோ வெடிப்போ தெரிந்தால் மாற்றியே ஆகவேண்டும், பாலியூரித்தேன் ரிங் இந்த வாயுவை இன்னும் நன்றாகத் தாங்கும். பழையதைக் கூரான இரும்பால் நெம்பாதீர்கள். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தாலே புது ரிங்கும் கசியும்.

அப்புறம், எதையும் கழற்றும் முன் வாயுவை முழுக்க வெளியேற்றுங்கள். கார்பன் டை ஆக்சைடு என்றால் 20 டிகிரி செல்சியஸிலேயே உள்ளே சுமார் 57 பார் அழுத்தம் இருக்கும்.