எந்தக் காலேஜ் என்று கேட்பவர்களுக்கு

மூன்று நாளாக அந்த வீடியோ எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. பள்ளித் தோழிகள் குழுவில் ஒரு முறை, சொந்தக்காரர்கள் குழுவில் இரண்டு முறை. என்னோடு வேலை பார்க்கும் செவிலியர் ஒருவரும் "மேடம், இதைப் பார்த்தீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் காட்டினார். சேலத்து மண்டபத்தில் அந்தப் பெரியவர் மைக்கைப் பிடித்துச் சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "புதுக் காலேஜ்ல படிச்சிட்டு வர்ற டாக்டருங்ககிட்ட நான் ஊசிகூடப் போட்டுக்க மாட்டேன்." அவர் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். கூட்டம் கைதட்டியதே, அந்தச் சத்தம்தான் காதை விட்டுப் போகவில்லை.

நான் புதிதாகத் தொடங்கிய ஒரு மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். ஃபர்ஸ்ட் பேட்ச். அதனால் இதை எழுதுகிறேன்.

எல்லாக் கல்லூரியும் ஒரு காலத்தில் புதுக் கல்லூரிதான். நம்ம சேலத்து மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1986ல். அந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளுக்கு யார் சீனியர்? சென்னை மருத்துவக் கல்லூரியே 1835ல் ஒரு சின்ன மருத்துவப் பள்ளியாக ஆரம்பித்ததுதான். 1875ல் அங்கே நான்கு பெண்கள் படிக்கச் சேர்ந்தார்கள், மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் அதில் ஒருவர். அவர்களுக்கு முன்னால் அந்த வகுப்பறையில் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. முதலில் போகிறவர்கள் போனால்தானே பின்னால் வருகிறவர்களுக்கு வழி?

எனக்கு சேலத்திலேயே படிக்கத்தான் ஆசை. அப்போது நீட் கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். கவுன்சிலிங்கில் என் முறை வருவதற்குள் திரையில் ஒவ்வொரு கல்லூரியாகத் தீர்ந்துகொண்டே வந்தது. சேலம் முடிந்தது என்று தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிச்சம் இருந்ததில் ஒன்று, தெற்கே அந்த வருடம்தான் தொடங்கிய கல்லூரி. அப்பா ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். "கவர்மென்ட் காலேஜ்தானே பாப்பா, எடுத்துக்க" என்றார்.

போய் இறங்கியபோது விடுதியில் பெயின்ட் வாசம் போகவில்லை. நூலகத்தில் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய குறை, சீனியர் என்று ஒரு ஆள் இல்லாததுதான். மருத்துவப் படிப்பில் பாதி, சீனியர்கள் சொல்லிக் கொடுப்பது. எந்தப் புத்தகத்தில் எதைத் தள்ளலாம், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எப்படி நிற்க வேண்டும், உடலை அறுத்துப் படிக்கிற டிசெக்‌ஷன் ஹாலுக்குள் முதல் முறை போகிற நாளில், உடல் கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலின் நெடிக்குக் கண் எரிந்தால் என்ன செய்யலாம், இதைச் சொல்ல ஒரு அக்கா வேண்டும். எங்களுக்கு அந்த அக்கா இல்லை. படிப்பதற்கான மனித எலும்புகள் இருக்கிற எலும்புப் பெட்டிகூட வழக்கமாக சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறுவது. நாங்கள் நான்கு பேர் பணம் போட்டு, மதுரையில் படித்த ஒரு அண்ணனிடம் போய் வாங்கி வந்தோம். தசை புறப்படும் இடத்துக்குச் சிவப்பு, போய்ச் சேரும் இடத்துக்கு நீலம் என்று நெயில் பாலிஷ் வாங்கி ராத்திரி ராத்திரியாகக் குறித்தோம். ஒரு தொடையெலும்பு, நான்கு பேர். ஆளுக்கு ஒரு மணி நேரம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. புதுக் கல்லூரிக்கு முதலில் கிடைப்பது அனுமதிக் கடிதம் மட்டும்தான். எங்கள் காலத்தில் வருடா வருடம் இன்ஸ்பெக்‌ஷன் வந்து அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. முழு அங்கீகாரத்துக்கான ஆய்வு, முதல் பேட்ச் இறுதியாண்டுத் தேர்வு எழுதும்போதுதான் நடக்கும். அதாவது நான் நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, எனக்கு மட்டுமில்லை, கல்லூரிக்கும் அன்றைக்குத்தான் பரீட்சை. அந்த பயத்தோடு படித்தவர்கள் நாங்கள். எங்களைப் போய் அரைகுறை என்றால் எப்படி?

சரி, ஆட்சேபங்களுக்கு வருகிறேன். "பேராசிரியரே இல்லாமல் கல்லூரி திறந்தால் தரம் எப்படி இருக்கும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்‌ஷன் நேரத்தில் வேறு கல்லூரியிலிருந்து ஆட்களை மாற்றிப் போட்டு இடத்தை நிரப்புவது நடக்கிறது, எனக்கும் தெரியும். அது தவறு. காலியிடங்களை நிரந்தரமாக நிரப்பச் சொல்லி மனுக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பெரியவர் அதைக் கேட்கவில்லையே. படித்துவிட்டு வருகிற பிள்ளையைத்தானே மேடையில் வைத்து அவமானப்படுத்தினார்?

"அங்கே கேஸ் வராது", அதாவது பார்த்துப் பழக நோயாளிகள் வர மாட்டார்கள் என்பது அடுத்தது. இது சுத்தமாகத் தப்பு. நம் ஊரில் புதிய அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிற மாவட்டத் தலைமை மருத்துவமனையோடு சேர்த்துத்தான் வருகின்றன. கட்டடம் புதுசு, கூட்டம் பழசு.

அதுவும் எங்களுக்கு எப்படிப்பட்ட வாய்ப்பு என்று சொல்கிறேன். படிப்பு முடிந்து மருத்துவமனையில் பயிற்சி பெறும் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஓர் இரவு, கடலைக் காட்டில் பாம்பு கடித்த ஒருவரைத் தூக்கி வந்தார்கள். என்ன பாம்பு என்று யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பழைய கல்லூரியாக இருந்தால் மேல்படிப்பு படிக்கிற பி.ஜி. மாணவர் பார்த்திருப்பார், நான் பின்னால் நின்று கேஸ் ஷீட் எழுதியிருப்பேன். எங்களிடம் அப்போது பி.ஜி. கிடையாது. நானும் உதவிப் பேராசிரியரும்தான். இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்தினேன். ரத்தம் உறைகிறதா என்று பார்க்க, இருபது நிமிடம் அதை அசைக்கக் கூடாது. எனக்குப் பொறுக்கவில்லை, பாதியிலேயே கையை நீட்டினேன். சார் என் மணிக்கட்டைப் பிடித்து "இரும்மா" என்றார். சுவர்க் கடிகாரத்தையும் அந்தக் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்து சாய்த்தபோது ரத்தம் உறையவே இல்லை. தண்ணீர் மாதிரி ஓடியது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே பாம்பு விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி ஏற்றினோம். எட்டாம் நாள் அவர் தன் காலில் நடந்து வீட்டுக்குப் போனார். அந்த இருபது நிமிடத்தை எந்தப் பழைய கல்லூரியும் எனக்கு இதைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

"மார்க் குறைந்தவர்கள்தானே அங்கே போகிறார்கள்" என்று இன்னொரு பேச்சு. இதுதான் எனக்குத் தாங்கவில்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளுக்கெல்லாம் கேள்வித்தாள் ஒன்றுதான். சென்னையில் உட்கார்ந்து எழுதினாலும் நாமக்கல்லில் உட்கார்ந்து எழுதினாலும் அதே தாள், அதே பாஸ் மார்க். செய்முறைத் தேர்வுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருவார். உள்ளே வரும்போது ஒரு மார்க், இரண்டு மார்க் முன்னே பின்னே இருக்கும். வெளியே போகும்போது எல்லோரும் ஒரே வாசல் வழியாகத்தான் போகிறோம்.

நான் இப்போது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். போன மாதம் ஊரிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம். குழந்தைக்குக் காய்ச்சல். நான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மாட்டுவதற்குள் அந்த அப்பா "நீங்க எந்தக் காலேஜ்மா?" என்றார். சொன்னேன். அவர் மனைவியைப் பார்த்தார். "பரவால்ல, நாங்க சேலத்துலயே காட்டிக்கிறோம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டார். இருபது கொண்டை ஊசி வளைவு, காய்ச்சல் அடிக்கிற குழந்தையோடு. குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா என்று ஒரு நிமிடம் பார்க்க விட்டிருக்கலாம். வாசல் வரை பின்னாலேயே போனேன். கார் கிளம்பிவிட்டது.

அந்த மண்டபத்தில் கைதட்டியவர்களைக் கேட்கிறேன். மலைக் கிராமத்தில் ராத்திரி பிரசவ வலி எடுத்த பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பதற்கு எந்தக் காலேஜ் டாக்டர் வந்தால் உங்களுக்குச் சம்மதம்? நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு அத்தையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கீழே போனார்கள். அடிவாரம் போவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அத்தை பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்கு ஒரு டாக்டர் வேண்டியிருந்தது. எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். மொத்தம் 1,450 இடங்கள். நாமக்கல், கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி என்று நம்மைச் சுற்றியே மூன்று. அதில் ஒன்றில்தான் என் அக்கா மகளுக்கு இந்த வருடம் இடம் கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவள், 7.5 சதவீத ஒதுக்கீடு. அவள் அப்பா சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. அந்த வீடியோவை அவளுக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். முந்தாநாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணினாள். "சித்தி, சீட்டை விட்டுட்டு இன்னொரு வருஷம் எழுதட்டுமா?"

யார் சொன்னதற்காக யார் சீட்டை விடுவது? பட்டறைப் புகையில் நின்று நின்று இருமுகிற அப்பாவின் பெண் அது. போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் தூங்கவில்லை.

எங்கள் எலும்புப் பெட்டியை முதல் வருடம் முடிந்ததும் ஜூனியர்களிடம் கொடுத்திருந்தோம். அப்புறம் அது எத்தனையோ பேட்ச் சுற்றியிருக்கிறது. இப்போது அங்கேயே வேலை பார்க்கும் ஒரு ஜூனியர் தம்பியிடம் கேட்டேன். பஸ் பார்சலில் போட்டுவிட்டான், இன்று காலை வந்தது. மூடியின் உள்பக்கம் மார்க்கரில் வரிசையாகப் பெயர்கள். முதல் நான்கு எங்களுடையது, மங்கிப் போயிருக்கிறது. தொடையெலும்பில் சிவப்பு அப்படியே இருக்கிறது, நீலம் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. கடையில் நீல நெயில் பாலிஷ் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளை நானே கூட்டிக்கொண்டு போய் விடுதியில் விடுகிறேன்.

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்பாதீர்கள்.