இ-பாஸில் புகையையும் கணக்கில் எடுங்கள்

நான் குன்னூர்க்காரன். 2004-லிருந்து டூரிஸ்ட் வண்டி ஓட்டிப் பிழைக்கிறேன். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் எத்தனை ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வெளியூர் வண்டிகள் மலைக்கு வர ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றி ஆளாளுக்கு எழுதுகிறார்கள். என் மனதில் கிடப்பதை நானும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 மே 7-ஆம் தேதியிலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. அடுத்த வருடம் ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இங்கே கடையடைப்பு நடந்தது, என் தொழில் செய்கிற பலரும் எதிர்த்தார்கள். நான் எதிர்க்கவில்லை. மலை தாங்குகிற அளவுக்குத்தான் வண்டி வர வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் குறை வேறு. அந்த 6,000-இல் கரும்புகை கக்கிக்கொண்டு ஏறுகிற பதினைந்து வருடப் பழைய டீசல் வேனும் ஒன்று. போன மாதம் ஷோரூமிலிருந்து வந்த பேட்டரி காரும் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பாஸ், ஒரே கணக்கு.

என் தங்கச்சி, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற வழியில் இருக்கிற பர்லியாரில் ரோட்டோரம் பழக்கடை வைத்திருக்கிறாள். மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான், கூடவே தேன், யூக்கலிப்டஸ் தைலம். சீசன் நேரத்தில் ஊட்டிக்கு ஏறுகிற வண்டிகளை எல்லாம் குன்னூர் வழியாக விட்டு, இறங்குகிறதைக் கோத்தகிரி வழியாக விடுவார்கள். அதனால் ஏறுகிற வண்டி மொத்தமும் அவள் கடை முன்னால்தான் போயாக வேண்டும். இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லாறிலிருந்தே வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பார்ட்டியை டீ குடிக்க விட்டுவிட்டு அவள் கடையில் உட்கார்ந்தேன். மதியம் 2 மணி இருக்கும். கையில் ஒரு துணி வைத்திருந்தாள், கறுப்பாக. மங்குஸ்தான் தோல் கறைதானே என்று நினைத்தேன். "பழத்தத் தொடச்சது இல்லண்ணா, தேன் பாட்டிலத் தொடச்சது. காலைல எங்க வீட்டுக்காரர் பழைய வேட்டியில கிழிச்சது" என்றாள். விரலால் தேய்த்துப் பார்த்தேன். மை மாதிரி ஒட்டியது, பிசுபிசுவென்று. தண்ணீரில் போகவில்லை, சோப்புப் போட்டுத்தான் கழுவினேன். "ராத்திரி மூஞ்சி கழுவுறப்ப மூக்குல இருந்தும் இதேதான் வருது" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு அடுத்த பாட்டிலைத் துடைக்கப் போய்விட்டாள். எனக்கு அந்த டீ இறங்கவில்லை.

மலையில் மட்டும் ஏன் இவ்வளவு புகை என்று கீழே இருந்து வருகிறவர்கள் கேட்பதுண்டு. டீசல் முழுசாக எரிய அதற்குத் தக்க காற்று வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். வண்டியோ ஏற்றத்தில் முழு இழுவை கேட்கும். பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் இருக்கிற வண்டிகள் பலவற்றுக்கு மேலே காற்று குறைவு என்பது தெரியாது, மிதித்த அளவுக்கு டீசலை ஊற்றும். எரியாமல் மிஞ்சுவதுதான் கரும்புகை. இது போதாதென்று "வண்டி இழுக்கல" என்று மெக்கானிக்கிடம் சொல்லி டீசல் இன்னும் அதிகமாக விழும்படி பம்பைக் கூட்டி வைப்போம். நானும் வைத்திருக்கிறேன். என் முதல் வண்டி 2006 மாடல் டீசல். ஏழெட்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவில் ஹாஃப் கிளட்சில் திருப்பி மிதிக்கும்போது கண்ணாடியில் பின்னால் வருகிற பைக்கே தெரியாது. அந்தப் புகையைக் குடித்தவர்களில் என் தங்கச்சியும் ஒருத்தி. அதனால்தான் இதைப் பற்றிப் பேசக் கடமைப்பட்டிருக்கிறேன்.

டிசம்பர், ஜனவரியில் இன்னும் மோசம். உறைபனி விழுகிற நாட்களில் விடியற்காலை கேத்திப் பக்கம் மேலே இருந்து பாருங்கள். குளிர்ந்த காற்று கனம் என்பதால் பள்ளத்தாக்கில் அடியில் படுத்துவிடும், அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்காரும். கீழே இருந்து கிளம்புகிற புகை அந்த மூடியைத் தாண்டாது. வெயில் ஏறும் வரைக்கும் அங்கேயேதான் கிடக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நடந்து போகிற நேரமும் அதுதான்.

சரி, ஒன்றுமே நடக்கவில்லையா என்றால், நிறையவே நடந்திருக்கிறது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. 90-களின் நடுவில் டீசலில் நூற்றுக்கு 1 பங்கு வரை கந்தகம் இருக்கலாம், அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. பிறகு பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) என்று அரசாங்கம் படிப்படியாகக் கொண்டுவந்த புகைத் தர விதிகளில், பிஎஸ்-3-இல் அது 350 ஆனது, பிஎஸ்-4-இல் 50. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 டீசலில் வெறும் 10. நடுவில் வர வேண்டிய பிஎஸ்-5-ஐயே தாண்டிக் குதித்தார்கள். டெல்லி பங்கில் ஊற்றுகிற அதே தரத்து டீசல்தான் இன்று குன்னூர் பங்கிலும் வருகிறது.

கந்தகத்தைக் குறைப்பதில் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பது எனக்கும் ரொம்ப நாள் புரியவில்லை. புது வண்டி எடுத்தபோது சர்வீஸில் ஒரு சூப்பர்வைசர் சொல்லித்தான் தெரிந்தது. சைலன்சர் பக்கம் இருக்கிற சுத்திகரிப்புச் சமாச்சாரங்களைக் கந்தகம் கெடுத்துவிடும். எண்ணெய் சுத்தமானால்தான் அவற்றை வண்டியில் மாட்டவே முடியும். கரியைப் பிடித்துவைக்க ஒரு ஃபில்டர், அதற்கு டிபிஎஃப் என்று பெயர். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, பல வண்டிகளில் யூரியாக் கரைசல். எங்கள் ஸ்டாண்டில் யூரியா தண்ணி என்போம். இதெல்லாம் மாட்டின பிறகு டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியே விடலாம் என்று அனுமதித்த துகள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5-க்கு இறங்கியது. நைட்ரஜன் ஆக்சைடு 250-லிருந்து 80-க்கு. என் இப்போதைய வண்டியின் டெயில் பைப்புக்குள் விரலை விட்டால் தூசிதான் ஒட்டும். பழைய வண்டியில் விட்டிருந்தால் விரல் அடுப்புக்கரி ஆகியிருக்கும்.

ஆகவே எண்ணெய் சுத்தமாகிவிட்டது, புது வண்டியும் சுத்தம். மிச்சமிருப்பது இரண்டு. ஒன்று, இன்னும் ஓடுகிற பழைய வண்டிகள். சுத்தமான டீசலை ஊற்றினாலும் கரி போகாது, ஃபில்டரே இல்லையே. இன்னொன்று, புது வண்டியிலேயே நடக்கிற திருட்டுத்தனம். இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

டிபிஎஃப்-இல் சேர்கிற கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் புகைபோக்கி நன்றாகச் சூடாகி, வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். போட் ஹவுஸ், பொட்டானிக்கல் கார்டன் என்று ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் அந்தச் சூடு கிடைக்காது. டேஷ்போர்டில் லைட் எரியும். சர்வீஸுக்குப் போனால் காசு, ஒரு நாள் சவாரி போச்சு. அப்போதுதான் யாராவது "டிபிஎஃப்-ஐ வெட்டிரலாம், யூரியாவையும் பைபாஸ் பண்ணிரலாம்" என்பார்கள். உள்ளே இருக்கிறதை எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரையும் மாற்றி, லைட் எரியாமல் செய்துவிடுவார்கள். ஆர்சி புத்தகத்தில் பிஎஸ்-6, ரோட்டில் பழைய வண்டி.

புகைச் சான்றிதழ் இதைப் பிடிக்காதா? நியூட்ரலில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்து, வருகிற புகையின் அடர்த்தியைத்தான் டீசல் வண்டிக்குப் பார்க்கிறார்கள். பர்லியார் ஏற்றத்தில் ஏழு பேரோடு ஏறும்போது என்ன வருகிறது என்பது அதில் தெரியாது. நைட்ரஜன் ஆக்சைடை அந்தச் சோதனை அளப்பதே இல்லை. யூரியாவைத் துண்டித்தவன் சுலபமாகப் பாஸ் ஆகிவிடுவான். அதையாவது ஒழுங்காகச் செய்கிறார்களா? சமவெளியில் ஒரு மையத்தில் என் வண்டியின் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்தார்கள், குழாயை பைப்புக்குள் விடவே இல்லை, இரண்டு நிமிடத்தில் கையில் சான்றிதழ். எந்த ஊர், எந்த மையம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். "சார், செக் பண்ணுங்க" என்றேன். "உங்க வண்டி புதுசுதானே, போங்க" என்றார். சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. சோதிக்காமல் கொடுத்த சான்றிதழுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது இ-பாஸுக்கு வருகிறேன். பாஸ் எடுக்க வண்டி நம்பர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நம்பர் இருந்தால் அந்த வண்டி எந்த வருடம், பெட்ரோலா டீசலா, பிஎஸ் எத்தனை என்பதெல்லாம் அரசாங்கப் பதிவிலேயே இருக்கிறது. புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பேட்டரி வண்டிக்கும் பிஎஸ்-6 வண்டிக்கும் முதலில் கொடுங்கள். பிஎஸ்-3-உம் அதற்கு முந்தையதும் டீசலாக இருந்தால் தனியாக ஒரு சிறிய எண்ணிக்கை வையுங்கள். நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். இமாச்சலத்தில் ரோத்தங் கணவாய்க்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின்படி பெட்ரோல் வண்டிக்கு 800, டீசல் வண்டிக்கு 400 என்று தனித்தனியாகத்தான் ஒரு நாளைய கணக்கை வைத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நம் மாவட்டத்துக்கு இது பழக்கமில்லாத வேலையும் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் சுப்ரியா சாஹு கலெக்டராக இருந்தபோது பிளாஸ்டிக்குக்கு எதிராக ஆரம்பித்த இயக்கத்தின் பலனை இன்றும் பார்க்கிறோம். செக்போஸ்டில் வண்டியை நிறுத்தி, சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுக்கிறார்கள். அதே இடத்தில் ஒரு புகைமானி வைத்து, சந்தேகப்படுகிற வண்டியை ஓரங்கட்டி அளந்து பார்க்கலாம். பாட்டிலைக் கண்டுபிடிக்கக் குனிந்து தேட வேண்டியிருக்கிறது. புகையை ஐம்பது அடி தூரத்திலேயே பார்க்கலாம்.

நீலகிரியில் பதிவான எங்கள் டிஎன் 43 வண்டிகளுக்கு இ-பாஸ் தேவையில்லை. அந்தச் சலுகை இருக்கட்டும், ஆனால் புகைச் சோதனையில் எங்களுக்கும் விலக்கு கூடாது. கீழே இருந்து வருகிறவன் ஒரு நாள்தான் புகை விடுகிறான், நாங்கள் வருடம் முழுக்க விடுகிறோம். அதே நேரம், கேரட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்குகிற பழைய லாரிக்காரரை ஒரே நாளில் ரோட்டை விட்டு ஓரங்கட்டினால் அவர் குடும்பம் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். அவருக்குக் காலக்கெடு வேண்டும், வட்டி குறைவான கடன் வேண்டும். டூர் வண்டிக்கு அவ்வளவு இரக்கம் தேவையில்லை, என் வண்டியும் உட்பட.

போன மாதம் ஒரு பார்ட்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போய் அவருடைய பேட்டரி காரைக் கோத்தகிரியிலிருந்து கீழே இறக்கினேன். கிளம்பும்போது 41 சதவீதம் சார்ஜ், மேட்டுப்பாளையத்தில் 46. இறக்கத்தில் காலை எடுத்தாலே வண்டி தன்னைத் தானே பிடித்து, அந்த விசையை பேட்டரிக்குள் போட்டுக்கொள்கிறது. பிரேக்கைத் தொட்டதே கொஞ்சம்தான். அந்த வழியில் குஞ்சப்பனைப் பக்கம் எப்போதும் அடிக்கிற பிரேக் கருகல் வாடை அன்றைக்கு நான் ஓட்டிய காரிலிருந்து வரவில்லை. முன்னால் போன வேனிலிருந்து வந்தது.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். இ-பாஸில் பிஎஸ் தரத்தைச் சேர்க்க வேண்டும், செக்போஸ்டில் புகைமானி வைக்க வேண்டும், உள்ளூர் லாரி, வேன்காரர்களுக்கு வண்டி மாற்றக் கடன் வேண்டும், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. குன்னூர், கோத்தகிரி ஸ்டாண்டு நண்பர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் ஞாயிறு சாயங்காலத்துக்குள் என்னைப் பாருங்கள். தங்கச்சி அந்தத் துணியைத் துவைக்காமல் ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். மனுவோடு அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.