கல்லாவில் உட்காரும் இசையமைப்பாளர்

என் அக்காள் மகன் இசையில் பட்டம் பெற்றவன், சொந்தமாக மெட்டமைக்கிறான். மதுரைக் கீழமாசி வீதியில் இருக்கும் மளிகை மொத்தக் கடையை இனி அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அத்தான் சொன்னதிலிருந்து, உறவினர்களில் பாதிப் பேர் பாட்டு சோறு போடாது என்றும், மீதிப் பேர் கல்லாவில் உட்கார்ந்தால் கலை செத்துப்போகும் என்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இரு தரப்பும் தவறான இடத்தைப் பிடித்துக்கொண்டு இழுப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஆயுள் காப்பீட்டு முகவரான எனக்கு இந்தப் பேச்சில் உடனே நினைவுக்கு வருபவர் அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ். 1874-இல் டான்பரி என்ற ஊரில் பேண்டு வாத்தியக் குழுத் தலைவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் இசை பயின்ற அவர், 1898-இல் நியூயார்க்கில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கூடவே வைத்திருந்த தேவாலய ஆர்கன் வேலையையும் 1902-இல் விட்டுவிட்டார். பின்னர் மைரிக் என்ற கூட்டாளியுடன் அவர் நடத்திய முகவாண்மை அந்நாட்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தொகைக்குப் பாலிசி தேவை என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், வரவையும் செலவையும் வைத்துக் கணக்கிடும் முறையை முகவர்களுக்காகச் சிறுநூலாகவே எழுதினார். வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்து நாங்கள் இன்று போடும் கணக்குக்கு அவரும் ஒரு முன்னோடி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பாட்டை விற்றுப் பிழைக்க வேண்டிய நிலை இல்லாததால் அவர் யாருக்கும் அஞ்சாமல் எழுதினார். சித்திரைத் திருவிழாவில் ஒரு பக்கம் நாயனமும் மறுபக்கம் ட்ரம்செட்டும் மோதிக்கொள்வதைப் போல, இரண்டு பேண்டுகள் வெவ்வேறு பாட்டை ஒரே நேரத்தில் வாசிக்கும் ஓசையைக்கூடத் தம் இசைக்குள் கொண்டுவந்தார். 1922-இல் 114 பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக அனுப்பிவைத்தார். கடை கலையைக் கொல்லும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

ஆனால் பெரிய விலையும் கொடுத்தார். நேரத்தை இரவிலும் விடுமுறையிலும் ஈடுகட்டிக்கொண்ட அவருக்கு, எழுதியதை உடனே வாசித்துக் காட்டும் கூட்டாளிகள் அமையவில்லை. 1900-களில் எழுதத் தொடங்கிய மூன்றாம் சிம்பொனி 1946-இல்தான் முதன்முதலாக அரங்கேறியது; மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. அதற்குள் அவர் புதிதாக எழுதுவதை நிறுத்தி ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்காம் சிம்பொனி முழுமையாக வாசிக்கப்பட்டது 1965-இல், அவர் மறைந்து 11 ஆண்டுகள் கழித்து.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. பெருங்கரை கவி குஞ்சர பாரதியின் பேரனான கோடீஸ்வர ஐயர் வியாபாரியல்லர், சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தவர். கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்தார். பட்டணம் சுப்பிரமணிய ஐயர், பூச்சி ஐயங்கார் போன்றோரிடம் கற்ற அவருக்கு, பாடுகிறவர்களின் உலகம் அந்நியமாக இருக்கவில்லை. உத்தியோகத்தைவிட இந்த உறவைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஆகவே அத்தானிடம் நான் கேட்டது ஒன்றுதான்: பையன் கடைக்கு வரட்டும், ஆனால் வாரத்தில் இரண்டு நாள் மாலை ஏழு மணிக்கு அவனை விட்டுவிடுங்கள். அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார். இனி ஆட்கள் வேண்டும். கடையடைத்த பிறகு வரக்கூடிய, புது உருப்படியை முகம் சுளிக்காமல் வாசித்துப் பார்க்கும் வயலின், மிருதங்கக் கலைஞர்கள் மாசி வீதிகளின் பக்கம் இருந்தால் உள்பெட்டியில் தெரிவியுங்கள். ஒத்திகைக்கு எங்கள் வீட்டு மாடி இருக்கிறது.