கெண்டோ கிளாஸ்ல குனியறது கால்ல விழுறதா?

போன வாரம் கெண்டோ (ஜப்பான் வாள்சண்டைக் கலை) கிளாஸ் போட்டோ ஒண்ணு போட்டிருந்தேன்ல, மண்டி போட்டு தரைல ரெண்டு கையும் வச்சு குனிஞ்ச மாதிரி. உடனே ஊர்லருந்து சித்தப்பா போன், "ஜப்பான் போயும் கண்டவன் கால்ல விழுறியாடா"ன்னு. சித்தப்பா, எதிர்ல எழுபது வயசு சென்செய்யும் (எங்க மாஸ்டர்) அதே மாதிரிதான் குனிஞ்சிருந்தார், போட்டோ ஃபிரேமுக்குள்ள அவர் விழல, அவ்ளோதான்.

சைத்தாமால சின்ன டோஜோ இது, அதாவது பயிற்சிக்கூடம். மொத நாளே சொதப்பல். மேலங்கிய வலது பக்கம் மேல வர்ற மாதிரி கட்டிட்டேன், ஒரு பெரியவர் வேகமா வந்து சத்தமில்லாம மாத்தி விட்டார். அப்படி கட்டுறது பொணத்துக்காம்! அடுத்து தரைல கெடந்த ஷினாய தாண்டிட்டேன், அதாங்க நாலு மூங்கில் பட்டைய சேத்துக் கட்டின வாள். ஹாலே திரும்பிப் பாத்துச்சு. நான் பழக்கதோஷத்துல சட்டுனு குனிஞ்சு அத தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டேன், ஸ்கூல்ல புக்க மிதிச்சா செய்வோமே, அதே. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. சென்செய் மட்டும் அப்புறமா வந்து இது யார் சொல்லிக்குடுத்ததுன்னு கேட்டார், அம்மான்னேன்.

குனியறதுலயும் கணக்கு இருக்கு. டோஜோவோட முன்பக்கத்துக்கு 30 டிகிரி, எதிராளிக்கு 15 டிகிரி, ஆனா எதிராளிக்கு குனியறப்ப கண்ண அவர்மேலருந்து எடுக்கக் கூடாது. இதுல அடிமைத்தனம் எங்க இருக்கு? மண்டைல அடிக்கப் போற ஆள்கிட்ட "ஒனெகாய்ஷிமாஸ்"னு (தயவுசெஞ்சுன்னு வேண்டிக்கிற மாதிரி) கேட்டுட்டு ஆரம்பிக்கிறோம், அவரும் நம்மகிட்ட கேக்குறார். மேட்ச்ல பாயின்ட் எடுத்துட்டு கைய முறுக்கி குதிச்சா நடுவர்கள் அந்தப் பாயின்டையே ரத்து பண்ணலாம், ரூல்லயே இருக்கு. (நம்ம கிரிக்கெட்ல இது வந்தா பாதி விக்கெட் போயிரும்.)

அதுக்காக எல்லாமே புனிதம்னு சொல்ல வரல. ஜப்பான் பெண்கள் ஜூடோ டீம்ல 15 பேர் பயிற்சியாளர் அடிக்கிறார்னு ஒலிம்பிக் கமிட்டி வரைக்கும் புகார் குடுத்தது 2013 ஆரம்பத்துல வெளிய வந்துச்சு, அவர் பதவிய விட்டு போக வேண்டியதாச்சு. அங்கயும் தினம் "ரெய்" (குனிஞ்சு வணங்கச் சொல்ற கட்டளை) சொல்லித்தான் குனிஞ்சிருப்பாங்க. கீழ இருக்கவன் மட்டும் குனிஞ்சா அதுக்கு பேரு மரியாதை இல்ல, பயம். இதுல சித்தப்பா கட்சிதான் நானும்.

எங்க டோஜோல கிளாசுக்கு முன்னாடி ஈரத்துணிய ரெண்டு கையால அழுத்திப் புடிச்சு வெறுங்கால்ல ஓடி ஓடி தரைய தொடைக்கணும். பக்கெட்டத் தூக்கிட்டு வர்றது சென்செய்தான், நான் வாங்கப் போனா குடுக்கவே மாட்டேங்கறார்.