எத்தனை மணிக்குப் பறக்கும் என்று இன்னொரு தடவை கேட்டால்...

"மச்சி, எத்தனை மணிக்குப் பறக்கும்?"

இந்தக் கேள்வியை இனி எவன் கேட்டாலும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிடப் போகிறேன். ரகசியமாகச் சோதனை செய்கிற ராணுவ விமானம்டா அது. முகூர்த்த நேரம் போட்டு, பத்திரிகை அடித்து, மஞ்சள் தடவி வீட்டுக்கு வந்து கொடுப்பார்களா?

விஷயம் இதுதான். ராணுவம் சோதித்துப் பார்க்கிற விமானம் பறப்பதைத் தூரத்திலிருந்து பார்க்க, ஒரு வார இறுதி கூடாரம் போடப் போகலாம் என்று நண்பர்கள் குழுவில் சொன்னேன். பெங்களூரிலிருந்து 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போனால், சித்ரதுர்கா மாவட்டத்தில் சள்ளகெரே. அந்தப் பக்கத்தில்தான் ராணுவத்துக்கான ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் விமானச் சோதனைத் தளம் இருக்கிறது. 4,000 ஏக்கருக்கு மேல், 2017 மே மாதம் முறைப்படி திறந்தார்கள். ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டுப் பார்ப்பது அங்கேதான். பிற்பாடு 'தபஸ்' என்று பெயர் மாற்றிய ருஸ்தம்-2 முதலில் எழும்பியது 2016 நவம்பரில் அந்த ஓடுதளத்திலிருந்து. உடம்பு முழுக்க இறக்கையாகவே இருக்குமே, அந்த 'ஸ்விஃப்ட்' 2022 ஜூலை 1 அன்று முதன்முதலாகப் பறந்ததும் அங்கேதான். பறந்து முடித்து இறங்கிய பிறகுதான் நமக்குச் செய்தியே வந்தது.

என் திட்டத்தில் வில்லங்கம் எதுவும் கிடையாது. வேலிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. தளத்திலிருந்து நன்றாகத் தள்ளி, தெரிந்த ஒருவரின் கடலைக்காட்டில் கூடாரம் போடுவோம், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான். ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்போம். ஒரு பைனாகுலர், ஒரு ஃபிளாஸ்க் காப்பி. இரண்டு நாள் வானத்தைப் பார்ப்போம். பறந்தால் அதிர்ஷ்டம். பறக்காவிட்டால் இரவு நட்சத்திரம் இருக்கிறது, பெங்களூரில் அது எங்கே தெரிகிறது?

இதில் என்ன புரியவில்லை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நோட்டாம் என்று ஒன்று இருக்கிறது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை, இந்த உயரம்வரை, இந்த வான்பகுதிக்குள் யாரும் வரவேண்டாம் என்று விமானிகளுக்கு விடுகிற அறிவிப்பு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதைத் தேடியெடுத்து, அட்சரேகை தீர்க்கரேகையை வரைபடத்தில் குறித்துக் குழுவில் போட்டேன். வந்த முதல் பதில்: "அப்போ கன்ஃபர்மா பறக்குமா ப்ரோ?" கன்ஃபர்ம் இல்லை ஐயா! வான்பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கம் மேடெல்லாம் காற்றாலையாக நிற்கும், அப்படிக் காற்று அடிக்கிற ஊர். காற்று மிஞ்சினாலோ, தரைக்கு வரவேண்டிய சிக்னல் ஒன்று மக்கர் செய்தாலோ அன்றைக்கு விமானத்தைக் கொட்டகையை விட்டே எடுக்கமாட்டார்கள். சோதனை என்றால் அப்படித்தான்.

"அப்போ ரிஸ்க் மச்சி" என்றான் ஒருத்தன். ஒரு வார இறுதி போவது இவனுக்கு ரிஸ்க்காம். மழையில் பாதியில் நின்றுபோகிற கிரிக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டி டிக்கெட் எடுப்பவன் இவன்.

இன்னொருத்தர் காலை ஒன்பதுக்கு முன்னால் எழுந்திருக்கமாட்டாராம். 2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை, இதே தளத்தில் என்ன நடந்தது தெரியுமா? விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் இஸ்ரோவின் இறக்கை வைத்த விண்கல மாதிரியைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு காலை 7:10க்குக் கிளம்பியது. நாலரை கிலோமீட்டர் உயரத்தில் அதை விட்டுவிட்டது. அது தானாகவே வழிபிடித்து 7:40க்கு ஓடுதளத்தில் வந்து இறங்கிவிட்டது. நம்மாள் அப்போது போர்வைக்குள் இருந்திருப்பார். கேட்டால் "பிரேக்ஃபாஸ்ட் இன்க்ளூடடா ஜி?"

அப்புறம், அமெரிக்காவின் ரகசிய விமானச் சோதனைத் தளமான ஏரியா 51 பற்றியே பேசுகிற ஆள் ஒருத்தர். நெவாடாவில் மலைமேல் உட்கார்ந்து ஜாலியாகப் பார்ப்பார்களாம், இந்தியாவில்தான் எதற்கெடுத்தாலும் கெடுபிடியாம். யார் சொன்னது? பக்கத்தில் நின்று பார்க்க வசதியாயிருந்த ஃப்ரீடம் ரிட்ஜ் என்கிற குன்றை 1995லேயே வளைத்துப்போட்டு மூடிவிட்டார்கள். இப்போது டிக்கபூ மலையுச்சிக்கு மூச்சுவாங்க ஏறினால், 40 கிலோமீட்டருக்கு அப்பால் கானலில் ஆடுகிற ஷெட்டுகள் தெரியும். அதற்கே அங்கே ஆட்கள் கூடாரம் தூக்கிக்கொண்டு போகிறார்கள், எத்தனை மணிக்குப் பறக்கும் என்று கேட்காமல்.

இவர்களெல்லாம்கூடப் பரவாயில்லை. "என்கிட்ட ட்ரோன் இருக்கு ஜி, மேலேயிருந்து எடுத்துடலாம்" என்றானே ஒரு மகராசன், அவனை என்ன செய்வது? ராணுவச் சோதனைத் தளத்துப் பக்கம் ட்ரோன்! 1923லிருந்து அலுவல் ரகசியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதடா. உன் ரீல்ஸுக்காக நான் ஜாமீன் தேட வேண்டுமா? அவனுக்கு விளக்கம் சொல்லியே ஒரு சாயங்காலம் போயிற்று.

இதற்கு நடுவே சேலத்திலிருந்து அம்மா. யாரோ குழுவில் வந்ததை என் தங்கைக்கு அனுப்ப, அவள் அம்மாவிடம் படித்துக் காட்ட, "ஏன்டா, ஒற்றன்னு புடிச்சிட்டுப் போயிட்டா யாரு வந்து பேசறது? கன்னடமும் உனக்கு அரைகுறை." அம்மா, 2023 ஆகஸ்டில் அந்தத் தபஸ் விமானமே ஹிரியூர்ப் பக்கம் ஒரு வயலில் விழுந்து, ஊரே கூடி நின்று செல்போனில் படம் எடுத்தது. நான் கடலைக்காட்டில் உட்கார்ந்து மேலே பார்ப்பதுதான் நாட்டுக்கு ஆபத்தா?

கிளம்புகிற நேரத்துக்கும் ஒரு ரகளை. வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்பவேண்டும் என்றேன். மீட்டிங் முடித்து ஆறு மணிக்குக் கிளம்பலாமாம். வெள்ளி ஆறு மணிக்குப் பெங்களூரை விட்டு வெளியேறுகிற கொரகுண்டெபாளையா சிக்னலில் நின்று பார்த்தவன் எவனாவது இதைச் சொல்வானா? நெலமங்களா தாண்டவே ராத்திரிச் சாப்பாட்டு நேரமாகிவிடும்.

நேற்று குழுவைத் திறந்தால் வாக்கெடுப்பு வைத்திருக்கிறார்கள்: கூர்க் போவதா, சிக்மகளூர் போவதா? நீச்சல்குளத்தோடு ரிசார்ட். குழுவின் பெயரையும் மாற்றியாகிவிட்டது, விமானப் படத்தைத் தூக்கிவிட்டுப் பீர் கோப்பை. என்னையும் வாக்களிக்கச் சொல்லி டேக் வேறு.

போங்கள், நன்றாக நீந்துங்கள். கூடாரத்துக்கும் பாய்க்கும் நான் கட்டின முன்பணத்தில் ஆளுக்கு எவ்வளவு வருகிறது என்று கீழேயே போட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் ஒருத்தனும் "எத்தனை மணிக்கு" என்று கேட்கமாட்டேன் என்கிறான்.