ராபர்ட் கார்லைலை பாண்ட் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு

ஸ்காட்லாந்து நடிகர் என்றால் ஷான் கானரியோடு நின்றுவிடுகிறவர்கள் ராபர்ட் கார்லைல் பக்கமும் கொஞ்சம் திரும்பலாம். 1961ல் கிளாஸ்கோவின் மேரிஹில்லில் பிறந்தவர். பதினாறு வயதில் பள்ளியை விட்டு அப்பாவோடு பெயின்ட் அடிக்கப் போனார். இயக்குநர் கென் லோச் ‘ரிஃப்-ராஃப்’ (1991) படம் எடுத்தபோது கட்டட வேலை தெரிந்த நடிகர்களாகத் தேட, பழைய தொழில் கைகொடுத்தது.

ஆளை எடைபோட 1994ல் வந்த ‘கிராக்கர்’ டிவி தொடரின் ஆல்பியைப் பாருங்கள். பலர் செத்துப்போன ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் தப்பிய லிவர்பூல் ரசிகன். கடையில் சாமான் வாங்கும்போது நாலு பென்னி குறைகிறது, கடைக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு திரும்பி வந்துதான் கொல்கிறான். அவமானத்துக்கும் கொலைக்கும் நடுவே உள்ள அந்தக் கொஞ்ச நேரம்தான் கார்லைலின் களம்.

‘டிரெயின்ஸ்பாட்டிங்’ (1996) படத்தில் அவர் செய்த பெக்பிக்கு அந்த நடுவே கிடையாது. பப் மாடியில் கதை அளந்து முடித்து, பீர் கிளாஸைத் திரும்பிப் பார்க்காமல் கீழே வீசுகிறான். ஒரு பெண்ணுக்கு மண்டை உடைகிறது. இவனே இறங்கி வந்து, எறிந்தவன் யாரென்று தெரியாமல் ஒருத்தரும் வெளியே போகக்கூடாது என்று சண்டைக்கு நிற்கிறான்! நெடுநெடுவென்று ஒருவன் இதைச் செய்திருந்தால் சாதாரண ரௌடி. இந்த ஒல்லி உடம்பு செய்வதால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

அதே வருஷங்களில்தான் (1995–97) ‘ஹேமிஷ் மக்பெத்’ தொடரில் நாய்க்குட்டியோடு திரியும் சாதுவான கிராமத்துப் போலீஸ்காரர். 1997ல் ‘தி ஃபுல் மான்டி’யில் வேலை போன ஷெஃபீல்ட் இரும்பாலைத் தொழிலாளி காஸ். ஊரையே ஆடையவிழ்ப்பு ஆட்டத்துக்கு இழுத்துவிட்டு, கடைசி நேரத்தில் மேடையேற மறுக்கிறான். மகன் அதட்டித்தான் அனுப்புகிறான். பிரிட்டனின் பாஃப்டா சிறந்த நடிகர் விருது இதற்குத்தான்.

பாண்ட் படமான ‘தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்’ (1999) வேறு கதை. மூளையில் குண்டு தங்கி வலியே உணராத வில்லன். வலியை மறைத்து வைப்பதில் கெட்டிக்காரரிடம் போய் வலியையே பிடுங்கிக்கொண்டார்கள். எழுத்தின் கோளாறு, நடிகர்மேல் பழி போடாதீர்கள்.

இன்னொன்று, டப்பிங்கில் பார்க்காதீர்கள். ஆல்பிக்கு லிவர்பூல் பேச்சு, பெக்பிக்கு எடின்பரோ, காஸுக்கு ஷெஃபீல்ட். மூன்றுமே அவர் ஊர்ப் பேச்சு இல்லை. சப்டைட்டில் போட்டுக்கொண்டு ‘கிராக்கர்’ தொடரில் ஆல்பி வரும் மூன்று எபிசோடில் ஆரம்பியுங்கள். மறுநாளே ‘ஃபுல் மான்டி’. பாண்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.