டாக்டர் ஹூ வரும், ஆனால் அவசரப்படுத்த வேண்டாம்

காலத்தில் பயணிக்கும் 'டாக்டர்' என்பவரைப் பற்றிய பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் கதை முடிந்தது, இனி மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

கோபம் புரிகிறது. 2025 மே 31 அன்று டாக்டராக நடித்த ஷூட்டி கட்வா உருமாறி (நடிகர் மாறும்போது டாக்டர் புது உருவம் எடுப்பது இந்தத் தொடரின் வழக்கம்), அந்த இடத்தில் நடிகை பில்லி பைப்பர் வந்து நின்றதோடு சீசன் முடிந்தது. அவர்தான் அடுத்த டாக்டரா என்றுகூடச் சொல்லவில்லை. டைட்டிலில் 'அறிமுகம்' என்று பெயரை மட்டும் போட்டார்கள். தொடருக்காகப் பிபிசியோடு கூட்டுச் சேர்ந்திருந்த டிஸ்னி விலகியது அக்டோபரில் உறுதியானது. 2026 கிறிஸ்துமஸுக்கு ரஸல் டி டேவிஸ் எழுதும் ஒரு சிறப்பு எபிசோட் உண்டு என்று பிபிசி அறிவித்தது. இடையில் ஒரு முழு ஆண்டுக்கு மேல் டாக்டர் இல்லை.

ஆனால் இந்தத் தொடரின் ரசிகர்கள் இதைவிடப் பெரிய வறட்சியைப் பார்த்தவர்கள். 1989 டிசம்பரில் நின்றது, 2005 மார்ச்சில்தான் தொடராகத் திரும்பியது. நடுவில் 1996இல் ஒரே ஒரு டிவி படம். அந்த வருடங்களில் நாவல்களும் ஒலி நாடகங்களும்தான் டாக்டரை உயிரோடு வைத்திருந்தன. அவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் ரசிகர்கள். தொடரை மீட்டுக் கொண்டுவந்த டேவிஸே சிறுவயதிலிருந்து ரசிகர்தான். பின்னாளில் டாக்டராக நடித்த பீட்டர் கபால்டி, பதின்ம வயதில் இந்தத் தொடரைப் பற்றி எழுதிய கடிதம் 1974இல் 'ரேடியோ டைம்ஸ்' இதழில் வந்திருக்கிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறுபதுகளில் வந்த எபிசோட்களின் டேப்புகளைப் பிபிசி பின்னர் அழித்துவிட்டது. வீட்டில் வீடியோ ரெக்கார்டர் இல்லாத காலம் அது. ஒளிபரப்பின்போது சில ரசிகர்கள் டிவி ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்து, வீட்டில் யாரையும் பேசவிடாமல், ஒலியை மட்டும் டேப்பில் பிடித்து வைத்தார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் படம் தொலைந்த எபிசோட் ஒவ்வொன்றுக்கும் இன்று ஒலி இருக்கிறது. 'பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' கதைக்கு 2016இல் அந்த ஒலியின் மேல்தான் அனிமேஷன் செய்தார்கள். இப்படிப்பட்ட ரசிகர்கள் இருக்கும் தொடரை, ஒரு கம்பெனி கூட்டு முறித்ததற்காக யாரும் புதைத்துவிட முடியாது.

டிஸ்னியின் பணம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. டாக்டரின் கால இயந்திரமான டார்டிஸ் கிளம்பும் அந்தச் சத்தம் எப்படி வந்தது? பிபிசியின் ஒலிக் கலைஞர் பிரையன் ஹாட்ஜ்சன் தன் அம்மாவின் வீட்டுச் சாவியை ஒரு பழைய பியானோவின் கம்பிகள்மீது உரசிப் பதிவு செய்து, அதை ஸ்டூடியோவில் இழைத்து எடுத்தது. அறுபது வருடம் தாண்டியும் அதைக் கேட்டால் எனக்குப் புல்லரிக்கிறது. கிராஃபிக்ஸ் பிரமாண்டத்தில் எனக்கு அப்படி ஒருமுறைகூட ஆனதில்லை. கடந்த இரண்டு சீசனிலும் எட்டே எபிசோட்களுக்குள் எல்லாவற்றையும் அடைத்து, கடைசியில் ஒரே ஓட்டமாக முடித்தார்கள். டாக்டரும் கூட வருபவரும் உட்கார்ந்து பேசவே நேரமில்லை.

அதனால் பிபிசியிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: செட்டைச் சின்னதாகப் போடுங்கள். எழுதுபவர்களுக்கு நேரம் கொடுங்கள், புது ஆட்களையும் உள்ளே விடுங்கள். அடுத்த சீசன் எந்த வருடம் என்பதை மட்டும் எங்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 2028 என்றாலும் சரி, காத்திருக்கிறோம்.